அண்ணி கொடுத்த கொடி ரத்தம்

பிரசவ வார்டு வாசலில், இடுப்பு வலியோடு நின்றுகொண்டே மாமியாரிடம் மல்லுக்கு நின்ற பெண் எனக்குத் தெரிந்து என் அண்ணி ஒருவர்தான். மாமியார் வேறு யாருமல்ல, என் அம்மா. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தை நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குத் தருவதாக அண்ணி சம்மதம் சொல்லியிருந்தார். எங்கள் ஊரான மஹய்யாவையில் வீடே இரண்டுபட்டது. காய்ந்து விழும் கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். அதையே தூக்கிக் கொடுக்கப் போகிறாள் என்று அம்மா நினைத்துவிட்டார்.

“கொடிய ஊரான் கையில குடுத்தா புள்ளைக்கு ஆகுமாடி?”

“கொடி ஒங்களுக்குத்தான் அத்தை. வீணாப் போற ரத்தம்தான் அவுங்களுக்கு. எந்தம்பிக்குத்தான் ஒண்ணுஞ் செய்ய முடியல. இதையாவது செய்ய விடுங்களேன்.”

அதைக் கேட்டதும் அம்மா அண்ணியின் முதுகை நீவிவிட்டார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அண்ணி இடுப்பிலேயே தூக்கி வளர்த்த தம்பி அவன். ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோயிருந்தது.

எனக்கோ வேறு கவலை. கொடி ரத்தத்தில், எந்த ரத்தக் கலமாகவும் மாறக்கூடிய, ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக் கலங்கள் உண்டு. அவற்றைப் பிரித்து, ஊட்டத் திரவத்தில் வாரக்கணக்காக வளர்த்து, நோயெதிர்ப்புக் கலங்களாக்குவதே எங்கள் வேலை. சொல்லச் சுலபம்! அதுவரை வளர்த்தவையெல்லாம் பாதியிலேயே செத்துப்போயின. இதுவும் செத்தால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்? அவரோ பிள்ளையைப் பெற்று ரத்தத்தையும் கொடுத்துவிட்டு, பச்சை உடம்போடு படுத்துக்கொண்டு, “ஏ பாப்பா, எம்புள்ளைங்களுக்குத் தீனி வச்சியா?” என்று அந்தக் கலங்களைச் சொல்லித் தினமும் போனில் கேலி செய்வார்.

அவை வளர்ந்தன. ரத்தப் புற்றுக் கலங்களோடு ஒரே சோதனைத் தட்டில் விட்டதும், ஒட்டிப் பிடித்து அவற்றைக் கொன்றுபோட்டன. நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பேராசிரியரே பதறி ஓடிவந்தார். அம்மாவைக் கேட்க வேண்டுமா? “எம்பேரன் ரத்தம் புத்துநோயவே கொன்னுருச்சு” என்று மஹய்யாவை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இன்று பல தாய்மார் கேட்டதும் கொடி ரத்தம் தருகிறார்கள். எத்தனை பேர் தந்தாலும், முதலில் வளர்ந்தது எங்கள் வீட்டு ரத்தம் என்ற பெருமை எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

அன்று, கலங்கள் வென்ற சேதி கேட்டு அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கணினித் திரையில் கலங்களைக் காட்டினேன். கண் எடுக்காமல் பார்த்தார்.

“இத இப்பவே நோயாளிக்குக் குடுக்கலாமா?”

“இல்லண்ணி. இது தட்டுல மட்டுந்தான். ஆளுக்குக் குடுக்க இன்னும் எத்தனையோ வருசம் ஆகும்.” பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“ஆகட்டும் பாப்பா. யாரோ ஒரு அக்காக்காரிக்குத் தம்பி மிஞ்சுவான்ல.”