அழித்த புள்ளி

ஊரில் பாதிப் பேரின் நெஞ்சுக்கூட்டை எக்ஸ்ரே அக்கா பார்த்திருக்கிறார். மீதிப் பேர் இன்னும் இருமவில்லை, அவ்வளவுதான். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருஷமாக அவர்தான் படம் எடுக்கிறார். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடாதீங்க... ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது விக்கினால்கூட அதே தொனிதான் வரும்.

அக்காவுக்குத் தன் கண்ணைப் பற்றி ரொம்பப் பெருமை. தகட்டில் தூசி ஒட்டியிருந்தாலும் படத்தில் புள்ளி விழும், நுரையீரலில் கோளாறு என்றாலும் புள்ளி விழும். எது ஆளுக்குள் இருக்கிறது, எது தகட்டின்மேல் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் அந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது. அதில் ஒரு தடவைகூடத் தான் ஏமாந்ததில்லை என்று அக்கா சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தொலைநோக்கி கிடைத்தால் என்ன ஆகும்? ஆறு வருஷத்துக்கு முன்னால், வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு பல் டாக்டர் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். தண்ணீர் மோட்டார் மெக்கானிக்கான அக்காவின் கணவர் ஒரு பழைய பம்பின் அடிப்பீடத்தைக் கொண்டுவந்து, கொல்லையில் துணி காயப்போடும் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சிமெண்டில் பதித்துக் கொடுத்தார். "எட்டு குதிரை சக்தி மோட்டாரையே தாங்கினது. உன் குழாயைத் தாங்காதா?" என்றார். முதல் வருஷம் நிலாவும் கிரகங்களுமாகப் போனது. அப்புறம் கேமராவை மாட்டி, தூரத்து விண்மீன் திரள்களைப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை துவைத்த துணி சனிக்கிழமைதான் கம்பிக்குப் போகிறது.

அந்தத் திரள்களில் ஒன்றின்மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம். அதற்கு 'சாய்ந்த தட்டு' என்று அவரே பெயர் வைத்திருந்தார். அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துசேர மூன்று கோடி வருஷம் ஆகிறதாம். வந்துசேர்வதும் துளித்துளியாகத்தான். அதனால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு படமாக ராத்திரியில் மூன்று மணி நேரம்போல ஐம்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு ஏதாவது தேறும். கேமராவுக்குள்ளேயே கோளாறான இடங்கள் கொஞ்சம் உண்டு. கேமரா சூடானால் அவை பொய் நட்சத்திரம்போல மின்னும். அவற்றைக் கண்டுபிடிக்க அக்காவிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் குழலை ஓர் இம்மி நகர்த்திவிடுவார். உண்மையான நட்சத்திரம் திரளோடு சேர்ந்து நகரும். கோளாறு, போட்ட இடத்திலேயே கிடக்கும். அடுக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

போன கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, மேகமே இல்லை. ஐம்பது படமும் பழுதில்லாமல் கிடைத்தன. விடிந்ததும் அக்கா பல்கூடத் துலக்காமல் அவற்றை அடுக்கினார். தட்டு பளிச்சென்று வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. போன வருஷத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் அந்தப் புள்ளி இல்லை. போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் இருந்தால் அது அழுக்கு. நட்சத்திரம் ஒரு வருஷத்தில் முளைத்துவிடுமா என்ன? வேலைக்குக் கிளம்ப முக்கால் மணி நேரமே இருந்தது. மென்பொருளின் தூரிகையை எடுத்து ஒரு தட்டு தட்டினார். புள்ளி போயே போய்விட்டது.

படத்தைத் தன்னைப் போன்றவர்கள் இருக்கும் இணையக் குழுவில் போட்டார். "கண்ணு பட்டுடும்போல இருக்கு அக்கா" என்று ஒருவர் எழுதினார். அன்றைக்கு அக்கா வழக்கத்தைவிடச் சத்தமாக "மூச்சை இழுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. அந்தக் குழுவில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார். அடுப்பு மூட்ட விடியற்காலை எழுந்திருக்கிறவர், மாவு பொங்குகிற நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் படம் எடுப்பார். அவர் சாய்ந்த தட்டில் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிற வெளிச்சம் அது. பெரிய ஆய்வுக்கூடங்கள்கூட இன்னும் பார்த்திருக்கவில்லை. அவர் போட்ட படத்தில் அம்புக்குறி காட்டியது, அக்கா புதன்கிழமை தூரிகையால் தட்டிய அதே ஓரத்தை.

ஓடிப்போய்ச் செவ்வாய்க்கிழமையின் ஐம்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐம்பதிலும் புள்ளி இருந்தது. குழல் நகர நகர, திரளோடு ஒட்டிக்கொண்டு அதுவும் நகர்ந்திருந்தது. கோளாறாக இருந்தால் அப்படி நகராது. இது உலகத்தில் யாருக்குத் தெரியாமல் இருந்தாலும் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

"அழிச்சது நீயா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டார் கணவர்.

"நான்தாங்க. இந்தக் கையாலதான்."

"அப்போ நீதான் முதல்ல பார்த்தவ."

"பார்த்தவ இல்லீங்க. துடைச்சவ."

அன்று மாலை, குழுவை நடத்தும் பேராசிரியர் எல்லாருக்கும் எழுதினார். சனிக்கிழமைக்கு முன்னால் யாராவது இந்தத் திரளைப் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள், வெடிப்பு எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் பெரிய உதவி என்றார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூலப் படங்களை அனுப்பினால் புள்ளி தெரியும். ஆனால் புதன்கிழமை போட்ட துப்புரவான படத்தை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நடந்தது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அனுப்பாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"அன்னைக்கு மேகம்னு சொல்லிடேன்" என்றார் கணவர்.

"பளிச்னு படத்தைப் போட்டுட்டு மேகம்னு சொல்றதா? போய் மோட்டாரைப் பாருங்க."

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோதுதான் உண்மையான பயம் வந்தது. வானத்தில் இருந்ததை அழுக்கு என்று நினைத்த கண், ஆளுக்குள் இருந்ததை அப்படி நினைத்திருந்தால்? இருபத்து நான்கு வருஷத்தில் எத்தனை ஆயிரம் நெஞ்சு! அன்றும் மறுநாளும் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கடுகத்தனை நிழல் தெரிந்தாலும் 'இங்கே பார்க்கவும்' என்று சீட்டு எழுதி ஒட்டினார். படங்களைப் படிக்கும் டாக்டர் கடைசியில் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? சட்டைப் பட்டனுக்கெல்லாம் சீட்டு ஒட்டுறீங்க!"

"ஒரு சந்தேகம் சார்."

"பட்டன்மேலயா?"

"என்மேல சார்" என்றார் அக்கா. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நட்சத்திரம், தூரிகை, போன வருஷத்துப் படம், ஒன்று விடாமல். டாக்டர் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணாத கண்ணுன்னு ஒண்ணு கிடையாதும்மா. அதனாலதான் நீங்க பார்த்த படத்தை நான் ஒரு தடவை பார்க்குறேன். நான் பார்த்ததை இன்னொருத்தர் பார்க்குறார்" என்றார். "சந்தேகம் வந்தா சீட்டு ஒட்டுங்க. பட்டனை மட்டும் விட்டுடுங்க."

அன்று சாயங்காலமே அக்கா ஐம்பது படங்களையும் குழுவுக்கு அனுப்பினார். கூடவே மூன்று வரி எழுதினார். 'செவ்வாய் இரவு எடுத்தவை. புள்ளி எல்லாவற்றிலும் இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து, சோதித்துப் பார்க்காமல் நானே அழித்துவிட்டேன்.' பொத்தானை அழுத்திவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளாத குறையாக அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேராசிரியர் உடனே பதில் எழுதினார். வெடிப்பு செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுதான் சாட்சி, வெளிச்சம் ஏறத் தொடங்கிய கட்டத்தின் படம் வேறு யாரிடமும் இல்லை என்றார். நன்றி, நன்றி என்று இரண்டு தடவை போட்டிருந்தார். மற்ற யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றே அக்கா நினைத்தார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. ரொட்டிக்கடைக்காரர். இத்தனை வருஷத்தில் எழுத்தில்தான் பழக்கம், குரலைக் கேட்டதில்லை.

"வாழ்த்துகள் தம்பி" என்றார் அக்கா, முந்திக்கொண்டு. "நான் கோட்டை விட்டதை நீங்க பிடிச்சிட்டீங்க."



"அக்கா, நானும் ஒண்ணை அழிச்சிருக்கேன்" என்றார் அவர். "வேற ஒரு கேலக்ஸியில. மூணு நாள் கழிச்சு யாரோ ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சாரு. நான் படத்தைப் பூட்டி வச்சுட்டேன். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. நீங்க எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் கடையில வேலையே ஓடல அக்கா."

ஆறுதல் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். ஆறுதல் தேவைப்படுவது அவருக்குத்தான் என்று இப்போது தெரிந்தது.

"எப்போ தம்பி நடந்தது?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஜனவரி பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. விடியக்காலம் நாலேகால் மணி" என்றார் அவர், யோசிக்காமலே.

அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கணவர் எதிரே உட்கார்ந்து, யார் என்று கையால் கேட்டார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம ஆளுதாங்க" என்றார்.