ரோமாபுரிக்குப் போன மிளகு

யுத்த காலத்தில் நாங்கள் பசுமலையில் குடியிருந்தோம். அப்பா சரித்திர வாத்தியார். நான் ஒன்றாம் வகுப்பு. அம்மா குழம்புக்கு மிளகாய் வறுத்தால் தெருவே தும்மும். அப்பா அந்தக் குழம்பைக் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் காப்பி நின்றுபோனது.

"காப்பி வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது. இனிமே அவன் வர்றதுக்கு முந்தி சாப்பிட்ட மாதிரி சாப்பிடுவோம். சரித்திரத்தை நாக்காலயும் படிக்கணும்ல," என்றார் அப்பா.

அடுத்து உருளைக்கிழங்கும் தக்காளியும் போயின. எது எந்தக் கப்பலில் வந்தது, துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள் நம் மிளகுத்தண்ணியில் கறியைப் போட்டு எப்படி சூப்பாக்கினார்கள் என்று சோறு ஆறும்வரை பேசுவார். பிறகு மிளகாயின் முறை.

"போர்ச்சுக்கல்காரன் கொண்டாந்தது. தூக்கி வெளிய வை."

எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கிற அம்மா மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் பாண்டியர் காலத்துக்கே போய்விட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மிளகையும் காணோம்.

"மிளகு நம்ம ஊருதானப்பா?"

"நம்ம ஊருதான் தாயி. அம்புட்டையும் ரோமாபுரிக்குக் கப்பல் ஏத்திட்டாங்க."

சிரித்தார். கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன். ஆனால் என் கோபமெல்லாம் ரோமாபுரிக்காரன் மேல்தான்.

கடைசியில் எல்லோருக்கும் குழையக் காய்ச்சிய பால் கஞ்சி. "இதுக்கு முந்தி என்னப்பா சாப்பிட்டாக?" என்றேன். விவரம் தெரிந்த அண்ணன் என் தொடையில் கிள்ளினான். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இனி எங்கயும் போக வேணாம் தாயி. இங்கனயே இருப்போம்," என்றார் அப்பா.

அவர் வயிற்றுப் புண் முற்றியிருந்தது. அவருக்கு மட்டும் பத்தியம் வைத்தால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று, இருவரும் பேசிவைத்து வீட்டையே பத்தியத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் பெரியவளான பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். அப்பா அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரே ஏமாற்றம். அடுத்து கிழங்கைச் சுட்டுத் தின்கிற காலம் வரும் என்று மலையடிவாரத்தில் சுள்ளியெல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன்.

அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் அந்தச் சுள்ளிக் கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"வந்து கிழங்கு சுடுவோம். போயிட்டு வாரேன்," என்றார்.

அவர் உயிரோடு வரவில்லை. எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, அடுப்புப் பற்றவைக்காத எங்களுக்காகப் பக்கத்து வீட்டு அத்தை சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். செக்கச்செவேலென்று மிளகாய் போட்ட குழம்பு. எத்தனையோ நாளாக அந்த வாசனைக்கு ஏங்கியிருந்தேன். ஆனாலும் அப்பாவைக் கேட்காமல் இவர்கள் எப்படிக் காலத்தை மாற்றலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் வந்து சொல்லட்டும் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.