முதலாளிக்கு நான் எழுதிய கடிதம்

இன்றைக்கும் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பயம்தான். பதினொரு வயதில் இந்தப் பயம் இருக்கவில்லை. கல்முனைக்குடியில் எங்கள் குடும்பத்துக்கே இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தான் என்று பெயர். டியூஷனுக்குப் போய்வந்ததைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

எனக்கு மூத்தவள், ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். நிகாஹ்வில் ‘வலி’யாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக இருந்து அவளைக் கொடுக்க வாப்பா கட்டாரிலிருந்து வரவேண்டும். வீட்டிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால்தான் முதலாளி லீவு தருவானாம், சின்னவளைக் கொண்டு எழுதுவியுங்கள் என்று வாப்பா போனில் சொன்னார். உம்மா ஸலாமில் தொடங்கி துஆவில் முடித்துத் தமிழில் சொல்லச்சொல்ல, நான் ஒரு கொப்பித் தாள் நிறைய எழுதினேன். அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

அடுத்த கிழமை டியூஷன் சேர், எல்லோரும் விடும் பிழைகளைப் பலகையில் எழுதினார். ‘மை சிஸ்டர் டோன்ட் ஹாவ்’ என்ற முதல் வரியைக் கண்டதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாப்பாவுக்குப் பதிலாக நிற்க ராத்தாவுக்கு அண்ணனோ, நாங்கள் சொல்வதுபோல் நானாவோ, தம்பியோ யாரும் இல்லை என்பதை நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர் எழுத எழுத என் கடிதத்தில் நான் விட்ட பிழைகள்தான் பலகையில் ஏறிக்கொண்டிருந்தன. இங்கிலீஷ் சினிமாவில் வெள்ளைக்காரரும் இப்படித்தானே கதைக்கிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள்.

“அவங்க விட்டா ஸ்டைல். நாம விட்டா பிழை,” என்றார் சேர்.

பிறகு நாலு நாள் வாப்பாவின் அழைப்பே இல்லை. முதலாளி கடிதத்தைப் பார்த்து ஆத்திரப்பட்டு வாப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டான் என்றே நம்பினேன். சோறு இறங்கவில்லை. உம்மாவிடம் சொல்ல வாய் திறப்பேன், பயத்தில் மூடிக்கொள்வேன். அந்த மனிதனுக்கு இங்கிலீஷே தெரியாமல் இருக்கட்டும் என்று தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் கேட்டேன்.

வாப்பா வந்தார், கலியாணமும் நடந்தது. ஆனால் லீவு முடிந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. விசா முடிந்துவிட்டது என்றார். என் கடிதம் செய்த வேலைதான் அது என்று எனக்கல்லவா தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே குறைந்துவிட்டது. ஒருநாள் தனியாக அகப்பட்டபோது துணிந்து கேட்டுவிட்டேன்.

“வாப்பா, என்ட கடிதத்தப் பாத்து முதலாளி என்ன சொன்னார்?”

“நல்லா எழுதியிருக்கெண்டு சொன்னான் மகள்,” என்றவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. என் மனம் நோகக்கூடாது என்று மறைக்கிறார் என நினைத்து இன்னும் பயந்தேன்.

எனக்குக் கலியாணமான பிறகுதான் உம்மா உள்ளதைச் சொன்னார்.

“கடிதம் கேக்கக்குள்ளயே அவருக்கு வேல போயிட்டு மகள். மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா கலியாணம் குழம்பும் எண்டு, லீவுல வாற மாதிரிக் காட்டத்தான் உன்ன எழுதச் சொன்னவர்.”

அந்தக் கடிதத்தை வாப்பா யாரிடமும் காட்டவே இல்லை. நான் அவருக்குப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேனோ என்று அவர் எனக்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.