கோவிந்தசாமி நிலத்துக்கு வாட்டர் கலர்

போர்டு எழுதும்போது தப்பினால் மேலே இன்னொரு கோட் அடித்து மறைத்துவிடலாம். வாட்டர் கலரில் தப்பினால் திருத்தணி மலையேறி முருகனிடம் முறையிட வேண்டியதுதான். தூரிகை பிடித்து வதைபட்ட அன்பர்களுக்கு இது தெரியும். எழுபதுகளில் நான் பஸ் ஸ்டாண்டு அருகே போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டு, மனதுக்குள் மட்டும் பெரிய ஓவியனாக இருந்தேன்.

போட்டோவில் வராத பச்சை

பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமி வந்தார். அவர் மகள் மல்லிகாவை, வேலூரிலிருந்து பம்பாய் போன ஒரு குடும்பம் பெண் கேட்டிருந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவன் அப்பாதான், வானம் பார்த்த பூமியில் சம்பந்தம் வேண்டாம், ஊர் எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். போட்டோ எடுத்து அனுப்பினால் கறுப்பு வெள்ளையில் பயிரும் சாம்பல், வரப்பும் சாம்பல். "கலரா வரைஞ்சி குடுங்க சார். எம்பொண்ணு கல்யாணமே உங்க கையிலதான் கீது."

வெயிலுக்கு விட்ட இடம்

வெயில் மின்னுகிற இடத்தில் வாட்டர் கலர்காரன் வண்ணம் வைக்கமாட்டான். காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். கோவிந்தசாமி வரப்பில் உட்கார்ந்து வரைந்தபோது வயல் தண்ணீர் பளபளத்ததால், நானும் வெள்ளையைத் தாராளமாக விட்டேன். அரை மணி நேரம் விளக்கமும் சொன்னேன். கோவிந்தசாமி பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிங்க. பாதி நெலத்துல நான் இன்னும் நடவே இல்லன்னு நெனச்சிக்குவாங்களே?"

ஈரத்தில் வைத்த வானம்

வெள்ளையையெல்லாம் பச்சையால் அடைத்தேன். போன மரியாதையை வானத்தில் மீட்க நினைத்தேன். காகிதத்தை நனைத்து ஈரத்திலேயே நீலம் வைத்தால் பார்ப்பவர் மனசு குளிரும் என்று எங்கோ படித்திருந்தேன். அதற்குக் கெட்டிக் காகிதம் வேண்டும். என்னிடம் இருந்ததோ மெல்லிய சார்ட்டு. அது அப்பளம் போல் உப்பியது, நீலம் வழிந்து பச்சையில் இறங்கியது, துடைக்கத் துடைக்க ஊரே கறுத்தது. படம் அன்றே தபாலில் போயாக வேண்டும். மல்லிகா எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா, எழவு விழுந்த ஊரு மாதிரி கீது!"

நேரில் வந்த சம்பந்தி

வேறு வழியில்லாமல் அதையே தபாலில் அனுப்பிவிட்டு, ஒரு மாதம் அந்தப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. படத்தைப் பார்த்த பம்பாய்க்காரர் வேண்டாம் என்றே முடிவு செய்தாராம். பையன் அடம்பிடித்து, ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தான். அவர் வந்த அன்று கோவிந்தசாமி என்னையும் வயலுக்கு இழுத்துப் போனார். வந்தவர் வரப்பில் நின்று பயிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்தப் பாத்து, வெள்ளத்துல போன ஊருன்னு பயந்துகினே வந்தேங்க. நேர்ல ஜோராத்தான் கீது. தட்டு மாத்திக்கலாம்."

என் ஓவியத்தால் ஒரு கல்யாணம் நடந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், எப்படி நடந்தது என்று யாரும் கேட்காதவரை.