ஒரு படியும் விடாமல்

என் மாமா, அதாவது அம்மாவின் மூத்த அண்ணன், போரில் மூழ்கிய ஒரு போர்க்கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கப்பலோடு அவரும் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை, ஒரு தந்திதான் வந்தது. அதைப் படிக்க வீட்டில் ஆளில்லாமல் கே.ஜி.கண்டிகை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். அம்மா அப்போது சின்னக் குழந்தை.

மேற்குக் கடற்கரையில் அந்தக் கப்பலுக்கு ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது, இறந்தவர்களின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன என்று கண்டுபிடித்தது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். வேலையில் சேர்ந்ததும் முதல் விடுப்பில் அம்மாவை அங்கே அழைத்துப் போக முடிவு செய்தேன்.

பெரியம்மா வீட்டுக்காரர் சிரித்தார். "கேப்டன் பேரு இருக்கும். பீரங்கி சுட்டவன் பேரு இருக்கும். சோறாக்கினவன் பேர இன்னாத்துக்கு எழுதப் போறாங்க?"

அம்மா ஒரு டப்பாவில் மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் ரயிலில் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "பேரு இல்லன்னா இன்னா பண்றது?"

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் மாதிரி இருந்தது. "சமையக்கட்டு எங்க?" என்றாள் அம்மா. பக்கத்திலிருந்த வரைபடத்தைப் படித்துக் கீழ்த்தளத்தைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

பெயர்ச் சுவர் வெளியே, கடலைப் பார்த்த மாதிரி இருந்தது. அகலமான கருங்கல் படிகள், அவற்றுக்கு மேலே வரிசையாகப் பித்தளைத் தகடுகள். எல்லாம் ஆங்கிலம். சமையல் ஆட்கள் இருந்தால் கடைசியில்தான் இருப்பார்கள் என்று நினைத்து நான் நேராகக் கடைசித் தகட்டுக்கு நடந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடற? மலையில படிபூஜைக்கு ஒரு படிய உட்டுட்டு மேல போவியா? மொதல்லேர்ந்து படி."

திருத்தணியில் வருஷக் கடைசியில் முன்னூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற கை அவளுடையது. முதல் பெயரைப் படித்தேன். குங்குமம் தொட்ட விரல் தகட்டுக்குப் போனது. உடனே விசில் சத்தம். காவலாளி ஓடி வந்தார்.

எனக்குத் தெரிந்த இந்தியும் ஆங்கிலமும் கலந்து, இது எதற்கு, இவள் யார் என்று சொன்னேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். தகட்டைத் தொடக்கூடாது, கீழே படியில் வைக்கலாம், போகும்போது துடைத்துவிட வேண்டும்.

"படிதான? அது எனக்கு வழக்கம்தான்" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கேப்டன், அதிகாரிகள், எந்திரம் பார்த்தவர்கள், பீரங்கிக்காரர்கள். பஞ்சாபிப் பெயர், வங்காளிப் பெயர், மலையாளப் பெயர். ஒவ்வொன்றுக்கும் படியில் ஒரு மஞ்சள், அதன்மேல் ஒரு குங்குமம். வாயில் நுழையாத பெயரில் நான் தடுமாறினால் அம்மா கையை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருப்பாள். "சரியா சொல்லு. அவங்க வூட்டுல யாரும் வரலியோ இன்னாவோ."

தகடுகள் குறையக் குறைய என் குரல் இறங்கியது. கடைசித் தகடு. சலவை ஆட்கள் இருந்தார்கள். முடிதிருத்துபவர் இருந்தார். அடுத்து, சமையல்காரர்கள். நான்காவது வரியில் மாமா இருந்தார். முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

சத்தமாகத்தான் படித்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"இன்னொரு தரம்" என்றாள் அம்மா. படித்தேன். மூன்றாவது தரமும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் விரல் படிக்குப் போனது. மற்றவர்களுக்கு வைத்த அதே அளவுதான் வைத்தாள். ஒரு துளிகூட அதிகமில்லை.

துடைப்பதற்குத் துணி கேட்டேன். காவலாளி கையை ஆட்டினார். நாளைக் காலையில் கழுவிக்கொள்கிறோம், இருக்கட்டும்.

அம்மா பெரியம்மா வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லி என் போனை வாங்கிக்கொண்டாள்.

"பாவா, பித்தளையில இருக்குது. ஆங், சமையக்காரன்னுதான் போட்டுக்குது. கேப்டன் இருக்கற அதே செவுருலதான். நீங்களும் ஒரு தரம் வந்து பாருங்க. ஆனா படிக்கறதுக்கு எம் பொண்ண இட்டுகினுதான் வரணும்."