பெயர்ப்பலகையை நம்பிச் சேர்ந்த படிப்பு

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. உளவளத்துணையில், அதாவது கவுன்சிலிங்கில், முதுமாணிப் படிப்புக்காக ஞாயிறுதோறும் பதுளைக்குப் போய்வந்தேன். தனியார் நிறுவனம். பெயர்ப்பலகையில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. தமிழில் படிக்கலாம், லீவு எடுக்க வேண்டாம். அதற்குமேல் நான் எதையும் விசாரிக்கவில்லை.

முதல் வருஷம் முடிகிற சமயம், ஒரு புதன்கிழமை பள்ளி விட்ட பிறகு என் மாணவி ஒருத்தியின் அம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். நான் என்ன படிக்கிறேன் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சர், எனக்கு இருக்கவே புடிக்கலைங்க," என்றார். அழவில்லை. மழை வரும்போல இருக்கு என்பதுமாதிரிச் சொன்னார்.

நான் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசாதீங்க. பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க," என்றேன்.

"சரிங்க டீச்சர்," என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு வருஷக் குறிப்புகள் பைக்குள் இருந்தன. இப்படி ஒருவர் எழுந்து போனால் என்ன செய்வதென்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவராக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர், ஒருமுறை எங்கள் பள்ளிக்குப் பேச வந்திருந்தார். அவருக்குப் போன் செய்து, என் படிப்பையும் நடந்ததையும் சொன்னேன்.

"சாகிற எண்ணம் இருக்கோ எண்டு நேரடியாக் கேட்டனீங்களோ?"

"இல்ல டாக்டர். கேட்டா நானே அந்த நெனப்ப உண்டாக்கிடுவேனோன்னு..."

"அப்பிடி ஆகாது. இப்பவே போய்க் கேளுங்கோ. ஓமெண்டு சொன்னா தனிய விடாதேங்கோ. இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ." பிறகு கேட்டார்: "உங்களுக்கு ஆர் மேற்பார்வை?"

"அப்படி யாரும் இல்லைங்க."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு இறங்கும் படிகளில் பாதி ஓட்டம், பாதி நடை. அந்த அம்மாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மூன்றுதரம் தட்டினேன். நான்காவது தரம் தட்டியபோது திறந்தார்.

"செத்துப் போகணும்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க." அப்போதுதான் அழுதார்.

பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய தங்கச்சியைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் ஓட்டோவில் பதுளைக்குப் போனோம்.

அவரை வார்டில் சேர்த்த பிறகு டாக்டர் என்னை உட்காரவைத்தார். "அங்கீகாரம் இருக்கிற படிப்பெண்டா, அனுபவமான ஒராள் பக்கத்தில இருந்து நீங்கள் கதைக்கிறதைப் பார்த்துத் திருத்துவார். அந்தப் பயிற்சி இல்லாமல் பட்டம் தரமாட்டினம். உங்கட இடத்துக்கு அங்கீகாரம் இருக்கோ?"

"விசாரிக்கலைங்க," என்றேன்.

அந்த ஞாயிறு நிறுவனத்தின் பணிப்பாளரிடம் அங்கீகாரம் பற்றிக் கேட்டேன். "கடிதம் வந்துகிட்டிருக்கு மிஸ். சேர்டிபிகேட் கட்டாயம் கெடைக்கும்," என்றார்.

"சேர்டிபிகேட்டைக் கேக்கலைங்க. நாங்க பேசுறத யாரு பாத்துத் திருத்துவாங்க?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பெயர்ப்பலகையில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த நிறுவனத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று பதில் வந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் என்னோடு வெளியே வந்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த அம்மா சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார். கிளினிக்குக்கு மட்டும் தவறாமல் போனார். நான் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலைத் தேடிப் பார்த்து, கண்டியில் ஒரு படிப்புக்கு விண்ணப்பித்துச் சேர்ந்தேன். பழைய வருஷத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மறுபடியும் முதல் வருஷம்.