நீச்சல் குளத்துக்குள் ஆற்று மணல்

எங்கள் நைனாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் நான் ஐந்தாவது படித்த வருஷம் ஒரு நீச்சல் குளம் அவருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. உத்திரமேரூருக்கு வெளியே, ஒரு சென்னைக்காரரின் பண்ணை வீட்டில் அவருக்குக் காவல் வேலை. முதலாளி மாதத்தில் ஒரு முறை குடும்பத்தோடு வருவார். மற்ற நாட்களில் கேட், தோட்டம், நாய், குளம் எல்லாம் நைனா பொறுப்பு. கேட்டின் மேல் ஒரு கேமராவும் இருந்தது. பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். காலனியில் இருந்த எங்கள் ஓலை வீடு முந்தைய மழையில் விழுந்துவிட்டதால், வேலை போனால் கூரையும் சேர்ந்து போகும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். பெரும்பாலும் நைனா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் சொல்வாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மகளுக்குப் பிறந்தநாள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள், குளம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமையே போன் வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் பார்த்தால் குளம் கஞ்சித் தண்ணீராக இருந்தது. ஆழமான பக்கத்தில் அடியே தெரியவில்லை.

மோட்டார் ரூமில் என் தோள் உயரத்துக்கு ஒரு நீல டேங்க் உண்டு. உள்ளே மணல். மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து அந்த மணலுக்குள் விடும். அழுக்கு மணலில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர், அடியில் இருக்கும் மெல்லிய கீறல்கள் வெட்டிய குழாய்களுக்குள் புகுந்து குளத்துக்கே திரும்பிப் போகும். டேங்கின் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது. அதை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் தலைகீழாகப் பாய்ந்து மணலைக் கழுவும். இன்னொரு பக்கம் திருப்பினால் குளத்துத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். கைப்பிடியைச் சுற்றி எழுதியிருந்த ஆங்கிலத்தை நைனாவுக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். அதனால் அந்த டேங்க் விஷயத்தில் எனக்கும் ஒரு அதிகாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா மணலைக் கழுவினார். மருந்து போட்டார். மறுபடி கழுவினார். தண்ணீர் தெளியவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் குளத்தைப் பார்ப்பார், வந்து உட்காருவார், ஒரு வாய் சாப்பிடுவார், மறுபடி எழுந்து போவார். நானும் கூடவே ஓடுவேன். முதலாளி போனில் கேட்கும்போதெல்லாம் நைனா, ஆயிகினே கீது சார், ஆயிடும் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

வியாழக்கிழமை அம்மா தன் தம்பியை வரவழைத்தாள். மாமாவுக்கு உத்திரமேரூர் பஜாரில் போர் மோட்டார் ரிப்பேர் கடை. எதைக் காட்டினாலும் முதலில் கழற்றுவார், பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்பார். நீச்சல் குளத்து மோட்டாரை அதுவரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவும் இல்லை. மோட்டாரைக் கழற்றித் துடைத்து, அதே மாதிரி பூட்டினார். ஒரு போல்ட் மிஞ்சியது. அதை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். கடைசியில் தண்ணீர் திரும்பி வரும் துளையில் கையை வைத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. விரலில் நறநறவென்று மணல் ஒட்டியிருந்தது.

"மாமா, உள்ள பைப்பு ஒடஞ்சிகீது. டேங்கு மணலு அப்பிடியே கொளத்துக்கு வந்துகினு கீது. கம்பெனி ஆளக் கூப்புடு. இது நம்ம கையில இல்ல" என்று நைனாவிடம் சொன்னார்.

நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கம்பெனி ஆளைக் கூப்பிடுவதென்றால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். குளத்தோடு வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலேயே ஒரு கம்பெனி தயாராக இருப்பதாக முதலாளி ஏற்கெனவே ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அன்று முழுக்க நைனா குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மாவிடமும் மாமாவிடமும் உண்மையைச் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால் டேங்குக்குப் புது மணல் மாற்றினோம். முதலாளி அனுப்பிய கம்பெனி மணல் கற்கண்டுத் தூள் மாதிரி கரடாக இருந்தது. டேங்கில் போட்டுப் பார்த்ததில் ஒரு மூட்டை குறைந்தது. இன்னொரு மூட்டை கேட்க நைனாவுக்குக் கூச்சம். மாமா வீடு கட்டியபோது மிஞ்சிய செய்யாற்று மணல் ஒரு குவியல் கிடந்தது. நைனா பூச்சு வேலைக்குப் போனவர். சலித்துப் போட்ட மணலுக்கு மிஞ்சி உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம். மணல் எவ்வளவு நைசோ அவ்வளவுக்குத் தண்ணீர் சுத்தமாகும் என்று கணக்குப் போட்டு, நானும் அவரும் சேர்ந்து மாவு மாதிரி சலித்து மேலாகக் கொட்டினோம். முதலாளி பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்றுகூட நான் நினைத்திருந்தேன்.

குளத்தின் அடியில் கிடப்பது எந்த மணல் என்று தெரிந்தால் போதும் என்றார் நைனா. கம்பெனி மணலும் கலந்து கிடந்தால் குழாய் உடைந்திருக்கிறது. நைஸ் மணல் மட்டும் என்றால் கீறல் வழியாக நழுவி வந்திருக்கிறது, அதை நாமே சரிசெய்துவிடலாம். ஆனால் இறங்கி எடுப்பது யார்? மாமாவுக்கு மூழ்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏரி நிறைந்த வருஷம் மதகுப் பக்கம் கற்றுக்கொண்டது. அந்தக் குளத்தில் எங்களை இறங்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இறங்கலாம் என்றும் யாரும் சொன்னதில்லை. நைனா கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே அடிக்குப் போய்க் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். நைனா அதை உள்ளங்கையில் வாங்கி, வெயிலில் காட்டி, கட்டை விரலால் தேய்த்தார். இரண்டாவது பிடி, மூன்றாவது பிடி. நான் கரையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தினியும் நம்ம மணலு. கம்பெனி மணலு ஒரு பொட்டு கூட இல்ல. பைப்பு நல்லாதான் கீது" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா கூப்பிடக் கூப்பிட இன்னும் இரண்டு முறை சும்மாவே மூழ்கி எழுந்தேன்.

பிறகு நால்வரும் டேங்கைக் காலி செய்தோம். சல்லடையில் விழுவதை வைத்துக்கொண்டு தங்குவதைக் கொட்டியே பழகிய நைனா, அன்று தங்கியதை வைத்துக்கொண்டு விழுந்ததைக் கொட்டினார். பழக்க தோஷத்தில் இரண்டு முறை மாற்றிக் கொட்டிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆற்று மணலிலும் கரடாக நின்றதை மட்டும் கழுவிக் குறையை நிரப்பினோம். குளத்தின் அடியில் கிடந்த மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டு, இரவெல்லாம் மோட்டாரை ஓட விட்டோம். சனிக்கிழமை காலையில் குளத்தின் அடியில் ஓடுகளை எண்ண முடிந்தது. நைனா மூன்று நாளுக்குப் பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டார்.

மத்தியானம் முதலாளி வந்தார். குளத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். நைனா சிரித்தார். பிறகு முதலாளி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டு வேற தண்ணி விட்டுருப்பா."

"தண்ணி சுத்தமா கீது சார். அடி வரிக்கும் தெரியுது."

"அது தெரியுது. கேமராவுல பாத்தேன், உன் பொண்ணு உள்ள எறங்கி இருந்துச்சு. நாளைக்கு வர்றவங்க ஒரு மாதிரி. நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காத."

நைனா சரி சார் என்று மட்டும் சொன்னார். மோட்டார் ரூமுக்குப் போய்க் கைப்பிடியைத் திருப்பினார். குளம் முழுவதும் வாய்க்காலில் இறங்கத் தொடங்கியது. எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் விஷயம் எளிதாகத்தான் தோன்றியது. முதலாளிக்கு ஒன்று தெரியாது. நான் இறங்குவதற்கு முன் குழாயடியில் சோப்பு போட்டுக் குளித்து, துவைத்த பாவாடையைத்தான் கட்டிக்கொண்டேன். நைனாதான் அப்படிச் செய்யச் சொன்னார். கேமரா குழாயடியைப் பார்க்காது. அதைச் சொல்லிவிடலாம் என்று காரை நோக்கி ஓடினேன். நைனா பின்னால் ஓடி வந்து என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லாத" என்றார்.

மணிக்கட்டு சிவந்துவிட்டது. அவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விட்டிருந்தால் அத்தனை தண்ணீரும் மிச்சமாகியிருக்கும் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.